ஆசீர்வாதம் பதினெட்டு முன்னொட்டுகளை வென்ற படலம்

வாழி ஆசீர்வாதம்! வாழி அவன் ஏறிய தேர்! முகில்முட்டும் மலைநிரையும் ஏலமணம் கமழும் சாரலும் ஓயா மழையும் ஒழியாப் பனியும் தமக்கே உரியவெனக் கொண்ட சூரியநெல்லி நன்னாட்டில், நாற்சக்கரமும் ஒருங்கே உந்தும் வல்விசைத் தேராகிய ஜீப்பை இருபத்திரண்டு ஆண்டுகள் செலுத்தி, பாறைமேல் ஏற்றியும் பள்ளத்தில் இறக்கியும், அமர்ந்த பயணியர் அனைவரையும் அவரவர் குலதெய்வத்தின் பெயரை வாய்விட்டு அலறச் செய்தும், ஒருவரைக்கூட உருட்டிவிடாமல் உச்சி சேர்த்த மாவீரன் ஆசீர்வாதத்தின் புகழைப் பாடப் புகுந்தோம். புகுமுன் காப்பாக, தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளாகிய லயத்து முக்கிலே கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று போக்குவரத்தை இரவுபகலாய்க் கண்காணிக்கும் புனித அந்தோணியாரையும், அவருக்கு அடுத்தபடி அந்நாட்டார் நம்பியிருக்கும் கிளட்ச் பிளேட்டையும் கைகூப்பி வணங்குகிறோம். இரண்டில் எது கைவிட்டாலும் வண்டி மலையேறாது.

யானைப்படையும் குதிரைப்படையும் மோதிய பெரும்போர்களைப் பாடிய புலவர்கள் நம் மொழியில் எத்தனையோ பேர். அவர்கள் வீற்றிருக்கும் அவையில், ஒரு ஜீப் ஓட்டுநர் ஆங்கிலச் சொற்களின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பதினெட்டுச் சிறுதுண்டுகளோடு பொருத கதையைத் தூக்கிக்கொண்டு நாம் வருவது, கிடாவெட்டு நடக்கும் இடத்துக்குக் கத்தரிக்காய் நறுக்க வந்தவன் கதைதான். இருக்கட்டும். யானை எதிரே வந்தால் ஓடித் தப்பலாம். முன்னொட்டு எதிரே வந்தால் எங்கே ஓடுவது? பரீட்சை நடக்கும் அறையில் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். சென்ற ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை, கழுகுப்பாறை மலைப்பயண ஜீப் ஓட்டுநர் சங்கத்தின் தகரக் கதவிலே, மழை நனைக்காதபடி பிளாஸ்டிக் உறைக்குள் இடப்பட்ட ஓர் ஓலை தொங்கிற்று. அது முழங்கியதாவது: "தேசாந்தரங்களிலிருந்து விருந்தினர் வரவு பெருகியமையால், இனிக் கழுகுப்பாறைக்கு வண்டி விடும் ஓட்டுநர் எவராயினும் ஆங்கிலச் சொற்பரீட்சையில் இருபத்தைந்துக்குப் பதினைந்து பெற்றே தீர வேண்டும்! பெறாதார் வண்டிக்கு முறை இல்லை! பதினெட்டு முன்னொட்டுகளைக் கற்றவன் ஆயிரம் சொற்களின் பூட்டைத் திறப்பான்! கையேடு உள்ளே கிடைக்கும்!" முறை என்பது, வரிசையில் நிற்கும் ஜீப்புகளுக்குச் சங்கம் ஒன்றன்பின் ஒன்றாகச் சவாரி பிரித்துத் தருவது. முறை இழந்த ஜீப்பை மலைநாட்டில் யாரும் ஜீப் என்று மதிப்பதில்லை.

ஓலைச் செய்தி, ஓட்டமாய் ஓடி, ஆசீர்வாதம் வீடு சேரும் முன்பே அவன் மனைவி ஞானஜோதியின் காதைச் சேர்ந்திருந்தது. நாள் முழுதும் தேயிலைச் சரிவில் நின்று கொழுந்து கிள்ளும் கைகளையும், கிள்ளாமலே ஆளை நேராக்கும் நாவையும் ஒருங்கே பெற்ற அவ்வம்மையார், வாசலில் நின்றபடியே தம் பிரகடனத்தை வெளியிட்டார்.

"இங்க பாருங்க, இந்தப் பரீச்சையில பாஸானா வண்டி உங்க வண்டி. இல்லன்னா, ரிஜோ ரெண்டு வருசமா வெலைக்குக் கேட்டுட்டே இருக்கான்ல, அவனுக்கே குடுத்துருவோம். நீங்க ஃபேக்டரியில மஸ்டருக்கு நில்லுங்க. ஓடாத வண்டிய முத்தத்துல நிறுத்தி வச்சு, அதுல துணி காயப்போடவா?"

மஸ்டர் என்றால் எஸ்டேட்டில் காலை ஏழரைக்குப் பேர் கூப்பிடும் வரிசை. கொண்டையூசி வளைவுகளைச் சுண்டுவிரலால் வளைத்த தன் கை இனிக் கொழுந்து மூட்டை தள்ளுவதா என்று நினைத்தபோது ஆசீர்வாதத்துக்கு நெஞ்சு கனத்தது. அந்த ஸ்டீயரிங்கை ரிஜோ பிடிப்பான் என்று நினைத்தபோது வயிறே எரிந்தது. ரிஜோ, அடுத்த லயத்துக்காரன், இருபத்தாறு வயது, வண்டிக்குள் நீலவிளக்கும் கையில் பெரிய போனும் உடையவன்; ஆசீர்வாதத்தின் ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன்போல் அதைச் சுற்றிச்சுற்றி வருபவன். அன்றும் வந்தான். வந்து, டயரை ஒருமுறை உதைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதெல்லாம் போன்லயே ஒரு வாரத்துல படிச்சிரலாம். உங்களுக்கு அது சரிப்படாது, வெறுதே கஷ்டப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னான். அடிபட்ட இடத்தில் எண்ணெய் தடவுகிற சாக்கில் அழுத்திவிட்டுப் போவதென்பது இதுதான்.

இனி எதிரியின் பெருமை கேளுங்கள். ஆங்கிலம் என்னும் மாநிலத்தில் ஒவ்வொரு சொல்லும் தனியே நடமாடுவதில்லை. தனக்கு முன்னே ஒரு தூசிப்படையை நிறுத்திக்கொண்டே வெளியில் வருகிறது. அன் என்று ஒருவன் முன்னே வந்தால் பின்னால் வருகிறவன் அல்லாதவனாகிறான். ரீ என்று ஒருவன் வந்தால் செய்ததையே மறுபடி செய்ய வேண்டும். சப் கீழே இறக்குகிறான், சூப்பர் மேலே ஏற்றுகிறான், ஆன்டி எதிர்த்து நிற்கிறான், இன்டர் எந்த இரண்டுக்கும் இடையே புகுந்துவிடுகிறான், டிஸ் சேர்ந்திருந்ததைப் பிரிக்கிறான். இவ்வாறு பதினெண்மர். இவர்களை வென்றால் பின்னே பதுங்கியிருக்கும் ஆயிரம் சொற்களும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடும் என்று கையேடு உறுதி கூறிற்று. கையேடு சொல்வது சரிதான். வெல்வது எப்படி என்பதை மட்டும் அது எழுத மறந்துவிட்டது.

முதற்போர் வீட்டுக் கூடத்திலே நிகழ்ந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த நம் தலைவன், பாய் விரித்து, சம்மணமிட்டு, பாலில்லாக் கட்டன்சாயா ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மூன்று மாலைகள் முன்னொட்டுகளை முற்றுகையிட்டான். ரீயைப் பிடித்தால் ப்ரீ வேலி தாண்டிற்று. ப்ரீயை மடக்கி வந்தால் டிஸ் காணாமற்போயிற்று. டிஸ்ஸைத் தேடி வருவதற்குள், பாயிலே கட்டிப்போட்டிருந்த ரீயும் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் மாலையின் முடிவில் களத்தில் எஞ்சியவை ஆறிய சாயாவும் ஒரு கொட்டாவியும்தான்.

ஆனால் வீரனுக்குத் தன் மண்ணில்தான் பலம். நான்காம் நாள் காலை, விறகு ஏற்றிக்கொண்டு மலையேறுகையில், நான்காவது வளைவில் அவனுக்கு ஞானம் பிறந்தது. அந்த வளைவு ஒரே ஒடிப்பில் திரும்பாது. எப்பேர்ப்பட்ட ஓட்டுநரும் பாதி ஒடித்து, நிறுத்தி, பின்னுக்கு வந்து, மறுபடி ஒடித்தே ஏற வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாய் அதைத்தான் செய்துவந்தவன், அன்று பின்னுக்கு வந்து மறுபடி ஒடித்த அந்தக் கணத்தில், யாரோ தோளில் தட்டினாற்போல் உணர்ந்து, "ரீ!" என்று கூவினான். மறுபடி! அடிவாரத்திலிருந்து கழுகுப்பாறைவரை வளைவுகள் எத்தனை? பதினெட்டு. முன்னொட்டுகள் எத்தனை? பதினெட்டு. "பதினெட்டையும் இந்த மலையிலயே கட்டிப்போடுதேன் பாரு!" என்று சூளுரைத்தான். அதைக் கேட்டது விறகு மட்டுமே.

அன்று தொட்டு நடந்தது மாபெரும் குடியேற்றம். முன்கூட்டியே ஹார்ன் அடிக்க வேண்டிய முதல் வளைவில் ப்ரீ குடியேறிற்று. எப்போது போனாலும் திறக்காத கடையிருக்கும் இரண்டாம் வளைவில் அன். பாதை இரண்டாய்ப் பிரியும் ஐந்தாவதில் டிஸ். பாதியில் நின்றுபோன ரிசார்ட்டின் ஒன்பதாம் வளைவு அரைகுறைத் தலைவனாகிய செமிக்கு. இருபுறமும் பாறை நெருக்கும் பத்தாவதில் இன்டர். அதற்கு மேலே, அம்புக்குறிப் பலகையை யாரோ மாற்றி நட்டுவிட்டதால் வருகிறவர்களையெல்லாம் ஏலக்காட்டுக்குள் அனுப்பிவைக்கும் பதினோராம் வளைவில், தவறுக்கு அதிபதியாகிய மிஸ். பாலத்தின் கீழே ஓடை செல்லும் பதின்மூன்றாவதில் சப். உச்சியில் சூப்பர். ஏழாம் வளைவு யானை குறுக்கே கடக்கும் இடமாதலால் அங்கே ட்ரான்ஸ் அமர்த்தப்பட்டது. ஒருநாள் ஆறு கொழுந்துக்காரப் பெண்களை ஏற்றிச் செல்கையில் மெய்யாகவே ஒரு கொம்பன் அவ்வளைவில் குறுக்கே நின்றது. பின்னால் ஆறு பேரும் ஆறு புனிதர்களைக் கூப்பிட்டார்கள். ஆசீர்வாதமோ எஞ்சினை அணைத்துவிட்டு, யானையை நேராகப் பார்த்து, "ட்ரான்ஸ், குறுக்கே" என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டான். யானை சற்று யோசித்துவிட்டு இறங்கிப் போயிற்று.

ஆடி முடிவதற்குள் பதினெட்டும் கட்டுண்டன. ஏறும்போது ஒவ்வொரு வளைவும் தன் முன்னொட்டைத் தானே எடுத்து நீட்டிற்று. இந்நிலையில், விதி என்பது பொதுவாக மழையின் உருவில்தான் வரும் அந்நாட்டில், ஆவணி முதல் வாரம் இரண்டு நாள் பெய்த பெருமழையில் பதினோராம் வளைவு மண்ணோடு சரிந்து ஏலக்காட்டில் விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய பாதையின் வாயில் ஒரு தார் டிரம்மை உருட்டி வைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, வழி அடைத்திருக்கிறது என்று மலையாளத்தில் பலகையும் மாட்டி, பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவதுக்கு நேராகப் புதுவழி வெட்டிவிட்டார்கள். பத்து நிமிடம் மிச்சம் என்று ஓட்டுநர்கள் மகிழ்ந்தார்கள். ஆசீர்வாதமும் மகிழ்ந்தான். தன் படையில் ஒருவன் குறைந்ததை அவன் கவனிக்கவில்லை.

ஓணத்துக்கு முந்திய சனிக்கிழமை போர்நாள். பழந்தமிழ் மறவர் தும்பைப்பூச் சூடிக் களம் புகுவர். தும்பை கிட்டாமையால் நம் மறவன் சட்டைப்பையில் இரண்டு பேனா சூடினான். ஞானஜோதி அன்று வேலைக்குப் போகாமல், பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசல்வரை கூடவே வந்து, "பயப்படாமப் போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். சொன்ன குரலில் மஸ்டரும் இல்லை, ரிஜோவும் இல்லை. ஆசீர்வாதத்துக்கு அதுதான் பயத்தைக் கிளப்பியது.

களத்தின் நடுவே கண்காணிப்பாளராய் நின்றவர், பாலக்காட்டுக்குக் கிழக்கே கோவிந்தாபுரத்திலிருந்து சங்கம் வரவழைத்த ஜானகியம்மாள் டீச்சர். முப்பத்தொரு ஆண்டுகள் பிள்ளைகளை மேய்த்தவர். இருமினால் எந்த இருமல், எதற்கான இருமல் என்று பிரித்தறியும் செவியினர். வினாத்தாள் வந்தது. மணி அடித்தது. ஆசீர்வாதம் முதற் கேள்வியைப் பார்த்தான். சொல்லின் தலையிலே ஒரு முன்னொட்டு நின்று அவனைப் பார்த்துச் சிரித்தது. அது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஏனெனில் அறை சமதரையில் இருந்தது. வளைவு இல்லை, ஏற்றம் இல்லை, எஞ்சின் உறுமல் இல்லை. மலையிலே கட்டிவைத்த பதினெட்டுப் பேரும் மலையிலேயே இருந்தார்கள். மூட்டை தள்ளும் வரிசையில் தன் பெயரைக் கூப்பிடும் குரல் காதில் கேட்டது. பின்பு, மூழ்குகிறவன் காலை உதைப்பதுபோல, அவன் வலக்கால் தானாகவே தரையை மிதித்தது. இடக்கால் கிளட்சைத் தேடிற்று. பெஞ்சின் இடது மூலையில் இருந்தவன் சட்டென்று எழுந்து, பக்கத்தில் இருந்த வேல்முருகனிடம், அவனும் ஓட்டுநர்தான், தணிந்த குரலில், "அண்ணாச்சி, நீங்க இப்பிடிக் கிளீனர் சைடுல உக்காருங்க" என்றான். வேல்முருகன் காரணம் கேட்கவில்லை. ஓட்டுகிறவன் வலப்பக்கம் உட்கார வேண்டும் என்பது அவனுக்கும் நியாயமாகவே பட்டது.

பாருங்கள், புறப்பட்டது தேர்! சாவி திருகி, கியர் மாற்றி, கண்ணுக்குத் தெரியாத ஸ்டீயரிங்கை இருகையாலும் பற்றி, அடிவாரம் விட்டு எழுந்தான் ஆசீர்வாதம். ஒரு சிக்கல் உண்டு. அவன் கற்றது ஏறுமுகத்தில். எனவே எட்டாம் வளைவில் இருப்பவனைப் பார்க்க வேண்டுமானாலும் அடிவாரத்திலிருந்தே புறப்பட வேண்டும். நடுவழியில் போய்க் குதிக்க முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மலையேற்றம். ஐந்தாம் கேள்வி முடிவதற்குள் ஐந்து முறை ஏறிவிட்டான். அவன் வலப்புறம் ஒடிக்கும்போது பக்கத்தில் வேல்முருகன் இடப்புறம் சாய்ந்தான். அவன் இடப்புறம் ஒடிக்கும்போது வேல்முருகன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பத்தாம் கேள்வியில் வேல்முருகனுக்குத் தலை சுற்றிற்று.

ரிஜோ இருபதே நிமிடத்தில் தாளைக் கொடுத்துவிட்டு, சீழ்க்கையடித்துக்கொண்டே வெளியேறினான். அடுத்த நொடி ஜானகியம்மாள் டீச்சரின் நிழல் ஆசீர்வாதத்தின் மேல் விழுந்தது.

"ஏனுங்க, பேப்பரப் பாத்து எழுதாம எங்கீங்க போறீங்க?"

"மேல போறேன் டீச்சர். இப்பதான் எட்டாவது வளைவு."

டீச்சர் அவன் கைகளையும் கால்களையும் வெளிறிப்போன வேல்முருகனையும் ஒருமுறை பார்த்தார். கையில் துண்டுச்சீட்டு இல்லை. வாயில் விடை இல்லை. விதிப்புத்தகத்தில் இதற்கு விதி இல்லை. "சரிங்க, போங்க. ஆனா ஹார்ன் அடிக்காதீங்க, பக்கத்துல எழுதறவங்களுக்குத் தொந்தரவுங்க" என்று சொல்லி நகர்ந்தார்.

ஏறினான், இறங்கினான், மீண்டும் ஏறினான். டீசல் ஒரு சொட்டுச் செலவின்றி இருபத்து நான்கு முறை மலையை வென்றான். தனக்கு ஐயமின்றித் தெரிந்து எழுதியவை பதினான்கு. மற்றவை, முன்னொட்டு தெரிந்தும் பின்னால் நின்ற சொல் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தவை, அவற்றை நம்புவதற்கில்லை என்று அவனுக்கே தெரியும். எஞ்சியது ஒரே கேள்வி, ஏழு நிமிடம். மிஸ்ப்ளேஸ் என்று அங்கே எழுதியிருந்தது. ப்ளேஸ் என்றால் இடம். தினமும் பத்துப் பேர் கேட்பது. முன்னால் நிற்கும் மிஸ் யார்? தேரைக் கிளப்பினான். ஏழில் குறுக்கே, ஒன்பதில் அரைகுறை, பத்தில் இடையே. அடுத்து ஒடித்தான்; பன்னிரண்டாவது வந்துவிட்டது. மறுபடி அடிவாரம் போய் வந்தான். மறுபடியும் பன்னிரண்டாவது. புதுவழி நெடுகத் தேடினான், வழுவழுவென்று கிடந்த செம்மண்ணில் ஒரு முன்னொட்டும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மிஸ் பழைய பாதையில் இருக்கிறான். பழைய பாதையின் வாயில் டிரம் இருக்கிறது.

அந்தோ! இருபத்திரண்டு ஆண்டுகளில் அடைத்த வழியில் ஒருநாளும் வண்டி விட்டறியாதவன் ஆசீர்வாதம். அறத்துக்கும் வாழ்வுக்கும் நடுவே, சிவப்பு ரிப்பனுக்கு இப்பால், எஞ்சினை உறுமவிட்டபடி நின்றான். வாசலில் நிற்கும் ஞானஜோதியின் முகம் வந்தது. நெஞ்சிலே சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, பரீட்சை அறை முழுதும் நிமிர்ந்து பார்க்க, பெஞ்சை விட்டு எழுந்தான்.

"எங்கீங்க எந்திரிக்கறீங்க?"

"ஒரு நிமிசம் டீச்சர். வழியில டிரம் கெடக்கு."

ஜானகியம்மாள் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரமா எடுத்து வெச்சுட்டு உக்காருங்க. அஞ்சு நிமிசந்தான் இருக்குதுங்க."

குனிந்தான், ஒன்றுமில்லாத வெளியிலே இருகை கொடுத்து உந்தினான், டிரம் உருண்டது. ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டான். அமர்ந்தான். நான்கு சக்கர உந்துவிசையைப் பூட்டினான். ஒருபுறம் ஈரமண் வழுக்க, மறுபுறம் ஏலக்காடு வாய்பிளக்க, கல் சிதற, டயர் கதற, சரிந்து விழுந்த பாதை சரியாத நாளில் இருந்தவாறே அவன் நினைவின் வலிமையால் அங்குலம் அங்குலமாய் எழுந்து சக்கரத்தின் கீழே வந்து படுக்க, வேல்முருகன் "ஏசுவே" என்று முனகி, முருகபக்தனாயிருந்தும் முனகி, கண்ணை மூட, பல்லைக் கடித்து முழுவட்டமும் ஒடித்தான் ஆசீர்வாதம். அங்கே நின்றது, சாய்ந்த பலகை. அங்கே காட்டிற்று, மாற்றி நட்ட அம்பு. தவறு! தவறான இடம்! வலக்கையில் ஸ்டீயரிங்கை விடாமல், இடக்கையால் பேனாவை உருவி, 'தவறான இடத்தில் வைத்தல்' என்ற விடையின் மேல் கோழி கிளறினாற்போல் ஒரு வட்டம் போட்டான். மணி அடித்தது. மலையின் நடுவே வண்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான்.

அன்று பிற்பகல் சங்கத்தின் தகரக் கதவிலே வெற்றிப்பட்டியல் ஏறிற்று. இருபத்து நான்கு பெற்று முதலில் நின்றான் ரிஜோ. பதினைந்து பெற்று, கூடுதலாய் அரை மதிப்பெண்ணும் இன்றி, கடைசியில் நின்றான் ஆசீர்வாதம். முழங்கின ஹார்ன்கள்! அதிர்ந்தது மலை! ஞானஜோதி பட்டியலில் அந்தப் பெயரை விரலால் மூன்றுதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊரார் முன்னிலையில் ஒருநாளும் செய்யாததாய்க் கணவன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது. தோற்றவர் தோள்கொடுத்துத் தூக்க, வென்றவர் மாலை சூட்ட, பதினெட்டு வளைவுகளையும் பதினெட்டு முன்னொட்டுகளையும் ஒரு தேரால் வென்றடக்கிய மாவீரன், மலைமுகடு நோக்கி மும்முறை வணங்கி, சங்கத் தலைவர் கையால் கழுத்தில் அடையாள அட்டை ஏற்று, இருபத்திரண்டு ஆண்டுகளில் இல்லாத நிமிர்வோடு நிமிர்ந்து நின்றான்.

மறுநாள், ஓண சீசனுக்கு வண்டி போதவில்லை என்று, பரீட்சைக்கே வராதவர்களின் வண்டிகளுக்கும் சங்கம் முறை கொடுத்தது.